சிவப்புத் தெரிந்தால்

பெட்டி கல்முனையில் வாங்கியது. செம்மஞ்சள்.
அச்சில் வார்த்த பள்ளங்களில் சாவிகள்
இரண்டு மாதம் ஒழுங்காய்ப் படுத்தன.
மூன்றாம் மாதம் பிளாஸ்டிக் பற்கள் ஒவ்வொன்றாய் உதிர,
மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரே சத்தம்.
நான் வருமுன்னே என் பெட்டி வந்துவிடும்.
“தகரக்கடை வருகுது” என்பார்கள் பழுகாமத்தில்.

குருமண்வெளிப் பாதையில் ஒருநாள்
ஈரப் பலகை வழுக்கிற்று.
கொழுவி தெறித்து, மூடி வாய் பிளந்து
வயிற்றில் இருந்ததெல்லாம் கக்கியது பெட்டி.
குறடும் சுத்தியலும் பலகையில் நின்றன.
பத்தாம் நம்பர் மட்டும்
உருண்டது, நின்றது, யோசித்தது,
மறுபடி உருண்டது.
ப்ளக்.
பாதைக்காரர் சாமித்தம்பி வாவியைப் பார்த்துச் சொன்னார்:
“நண்டுக்கு இனி நட்டுக் கழட்டத் தெரியும் புள்ள.”
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பத்தில்லாமல் அன்று மூன்று பம்பு திறபடவில்லை.

அன்றிரவு
பழைய பாட்டாச் செருப்பு ஏழு சோடி சேர்த்தேன்.
சாவியை றப்பரில் கிடத்தி
பேனையால் சுற்றி வரைந்தேன்,
பிள்ளையின் கையைத் தாளில் வைத்து வரைவதுபோல.
பிளேட்டால் வெட்டினேன்.
அடிக்கடி எடுப்பது கைக்குக் கிட்ட,
எப்போதாவது எடுப்பது மூலையில்,
கூர் உள்ளதெல்லாம் கூர் உள்ளே.
பள்ளங்களின் அடியில் நகப்பூச்சு,
தங்கையின் கலியாணத்தில் மிஞ்சியது.
சாவி கிடந்தால் நீலமும் இரும்பும்.
எடுத்தால் சிவப்பு.
உடைந்த கொழுவிக்குச் சைக்கிள் டியூப், இரண்டு சுற்று.
தூக்கி, தலைகீழாக்கி, காதருகே குலுக்கினேன்.
ஒன்றும் பேசவில்லை.
அந்த மௌனத்துக்காகவே ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

மாசி. வெல்லாவெளி.
வானம் கறுக்கிறது. அறுக்காமல் கிடக்கிற வெள்ளாமை ஐந்து ஏக்கர்.
நடு வயலில் படுத்துவிட்டது வெட்டு மெசின்.
பெல்ட் மாற்றி, கவரைப் பூட்டி, கை துடைத்தேன்.
கிரோஜன் ஏறி இருந்து திறப்பில் கை வைக்கிறான்.
மெசின்காரர் மீராலெவ்வை மேகத்தைக் காட்டுகிறார்.
நான் மூடியைச் சாத்தப் போகிறேன்.
ஃபோன் வெளிச்சத்தில்
ஒரு சிவப்பு.
நீண்டு, இரு தலையும் பெருத்து,
பதின்மூன்றின் வடிவில்.

“ஒரு சாவிதானே, புதிசு வாங்கித் தாறன் புள்ள,
மழை வந்திட்டுது.”
“இறங்கு” என்றேன் கிரோஜனிடம்.
சேற்றில் பார்த்தேன், வரம்பில் பார்த்தேன்,
சட்டைப் பையில் பார்த்தேன்.
பிறகு கவரை மறுபடி கழற்றினேன். நாலு நட்டு.
பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையில்
பதின்மூன்று
நிம்மதியாய்ச் சாய்ந்திருந்தது,
வாயைத் திறந்தபடி.

கிரோஜன் எட்டிப் பார்த்தான்.
திறப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.
மீராலெவ்வை தொப்பியை எடுத்து
மறுபடி அதே இடத்தில் வைத்தார்.
முதல் துளி விழுந்தது பெட்டி மூடியில்தான்.
பதின்மூன்றைத் துடைத்துக் கிடத்தினேன்.
சிவப்பு மறைந்தது.

மூன்று ஏக்கர் காய்ந்தே ஏறியது.
மிச்சம் நனைந்தது.
நனைந்ததற்கு என்னைத் திட்டினார்களாம்,
பிறகு கேள்விப்பட்டேன்.

பத்துக்குப் பதிலாய் வாங்கியது வேறு கம்பனி, கொஞ்சம் தடிப்பு.
வாவிக்குள் போனதன் அளவை
நினைவிலிருந்து வெட்டிய பள்ளம்
இந்தப் பத்துக்குப் பத்தவில்லை.
ஒவ்வொரு பொழுதும் முழங்காலால் அமர்த்தித்தான்
மூடியைப் பூட்டுகிறேன்,
இன்னொரு செருப்பு அறும்வரைக்கும்.